கலங்கல் நீரும் கனவான்களும்

"மழை பெய்தால் ஆறு கலங்கும், இது இயற்கை. இதைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது?"

இவ்வாறு எம்மிடம் கேட்டவர் ஓர் ஆசிரியர், மலையகத்திற் பல்லாண்டுகள் கற்பித்து ஓய்வு பெற்றவர், நல்லவர். அவரைக் குற்றஞ்சாட்டுவதற்காக இக்கட்டுரையை நாம் எழுதவில்லை. அவர் வாய்விட்டுக் கேட்டதை நம்மிற் பலர் வாய்விடாமலே எண்ணிக்கொண்டிருக்கின்றனர் என்பதனாலேயே எழுதுகின்றோம். மழைக்கு ஆறு கலங்குவது இயற்கை என்பதை எவரும் மறுக்கவில்லை. எவ்வளவு கலங்குகிறது, எத்தனை நாளில் தெளிகிறது, அக்கலங்கலோடு கூடி என்னென்ன வருகின்றன, அந்நீரைக் குடித்தே தீரவேண்டியவர் யாவர் என்னும் வினாக்களுக்கு இயற்கையிடம் விடை இல்லை. அவற்றுக்கு விடை வேண்டுமாயின் காணி உறுதிகளையும் கம்பனிக் கணக்குகளையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில், தலவாக்கலைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றுக்குச் சென்றிருந்தோம். தோட்டத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. அதுபோன்றவை பல உள. விடியற்காலையிலேயே பீலிக்கரையிற் பெண்கள் வரிசையாக நின்றனர். பிரட்டுக்குப் போகுமுன் தண்ணீர் பிடித்தாக வேண்டும், அடுப்பு மூட்டியாக வேண்டும், பிள்ளையைக் காம்பராவில் விட்டாக வேண்டும். பீலியிலிருந்து விழுந்த நீர் பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தது. குடத்தை நிரப்பிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் எம்மைத் திரும்பிப் பார்த்து, "மலைதாங்க எறங்கி வருது. ராத்திரி பூரா வச்சாலும் தெளியாதுங்க" என்றார். பிள்ளைக் காம்பராவின் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. நீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு அருந்துமாறு அது பணித்தது. அவ்வறிவுரையில் தவறில்லை. அதனை ஒட்டியதோடு தம் கடமை தீர்ந்தது என ஒட்டியவர்கள் எண்ணிக்கொண்டதே தவறு.

இரவு முழுவதும் வைத்தாலும் ஏன் தெளிவதில்லை? மூதாட்டியின் அநுபவத்துக்குப் பௌதிகம் சான்று தருகிறது. வெள்ளத்தோடு வரும் மண் ஒரே பருமனான துணிக்கைகளால் ஆனதன்று. மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு பருமனுள்ள நுண்மணல் பத்துச் சென்ரிமீற்றர் நீரைக் கடந்து அடியிற் சேரப் பத்துப் பன்னிரண்டு செக்கன்கள் போதும். அதனிலும் பத்திலொரு பங்கான மண்டிக்கு ஏறத்தாழ இருபது நிமிடங்கள் வேண்டும். அதனிலும் பத்திலொரு பங்கான களித்துணிக்கைக்கு ஒன்றரை நாள் செல்லும். அதற்கும் நுண்ணியவை மாதக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். இக்களித்துணிக்கைகள் மறை மின்னேற்றம் உடையன. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, திரளாமலும் படியாமலும் நிற்பன. நகரத்து நீர்ச்சுத்திகரிப்பு நிலையங்களிற் படிக்காரம் இடுவது இவ்வேற்றத்தை அடக்கித் துணிக்கைகளைத் திரளச் செய்வதற்கேயாம். நம் முன்னோர் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் உரைத்து இதே காரியத்தைச் செய்தனர். கலித்தொகைப் புலவரும் இதனை உவமையாக எடுத்தாண்டிருக்கிறார். அவ்வுவமையின் நயத்தை மேடைதோறும் விரித்துரைக்கும் பண்டிதர் நம்மிடையே உளர். தேற்றாவோ உலர் வலயத்து மரம். லயத்துப் பெண் அந்தக் கொட்டைக்கு எங்கே போவாள் என்று அப்பண்டிதர்களில் எவரும் கேட்டதாக நாம் அறியோம்.

கலங்கல் கண்ணுக்கு அருவருப்புத் தருவதோடு நின்றிருந்தால் நாமும் பேசாதிருந்துவிடலாம். களித்துணிக்கை ஒரு சுமைகாவி. அதன் பரப்பிற் பற்றீரியாக்கள் ஒட்டிக்கொள்கின்றன; பசளையின் பொசுபரசு பற்றிக்கொள்கிறது; பீடைகொல்லிகளிற் சில அதனோடு கூடியே பயணஞ் செய்கின்றன. குளோரீன் இட்டால் இவையனைத்தும் தீருமெனிற் தீராது. துணிக்கையின் மறைவில் இருக்கும் கிருமியைக் குளோரீன் எட்டுவதில்லை. மண்ணோடு வந்த சேதனப் பொருளோ குளோரீனைத் தானே உண்டு தீர்த்துவிடுகிறது. ஆதலினாலேயே கிருமியழிப்புக்கு முன் நீரின் கலங்கல் ஓர் அலகுக்குக் கீழே இருத்தல் வேண்டும் என்றும், வசதி குறைந்த சிறு நீர்த்திட்டங்களில் ஐந்து அலகுக்கேனும் கீழே இருத்தல் வேண்டும் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. ஐந்து அலகு என்பது கண்ணாடிக் குவளையிற் பார்க்கும்போது மங்கல் சற்றே தென்படும் அளவு. பால் கலந்த தேநீரின் நிறத்துக்கு எத்தனை அலகு என்பதை வாசகரே ஊகித்துக்கொள்க. அத்தகைய நீர் நிறைந்த தொட்டியிற் குளோரீன் தூளைக் கொட்டிவிட்டுப் புத்தகத்தில் அடையாளமிடுவது சடங்கேயன்றிச் சுகாதாரமன்று.

கொதிக்க வைத்தாற் கிருமி சாகும், உண்மைதான். மண் சாகாது, மண்ணோடு வந்த நஞ்சும் சாகாது. அன்றியும் கொதிக்க வைப்பதற்கு விறகு வேண்டும். பகல் முழுவதும் கொழுந்துக் கூடையைச் சுமந்தவளே மாலையில் விறகுக்கட்டையும் சுமக்கிறாள். அறிவித்தலை அச்சிட்டவர்கள் இச்சுமையை எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை.

இனி, ஓடை தெளிவாக இருப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதை ஆட்சியாளர் அறிந்திலர் என்று எவரேனும் வாதாடுவராயின் அவரை லபுகமைக்கு அழைத்துச் செல்வோம். கொழும்பு நகரத்துக்குக் குடிநீர் வழங்குவதற்காக 1886இல் லபுகமை நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டது. அதன் நீரேந்து பிரதேசத்துக் காடு ஒதுக்கப்பட்டு, மனித நடமாட்டம் தடுக்கப்பட்டு, இன்றளவும் காக்கப்பட்டு வருகிறது. காடு இருந்தால் மழைத்துளி இலையில் விழும், சருகில் விழும், மெல்ல மண்ணுள் இறங்கும், ஊற்றாக வெளிப்படும் என்பதை அன்றைய பிரித்தானிய பொறியியலாளர் நன்கறிந்திருந்தனர். கொழும்பில் இருந்தவர் கவர்னரும் கச்சேரி உத்தியோகத்தரும் ஏற்றுமதி வணிகரும். அவர்கள் குடிக்கும் நீருக்குக் காட்டைக் காவல் வைத்த அதே அரசு, அதே ஆண்டுகளில், மலைநாட்டின் காட்டை ஏக்கர் ஏக்கராக விற்றுத் தீர்த்தது. அறியாமை என்று இதற்குப் பெயரிட முடியுமா?

அந்த விற்பனையின் வரலாற்றை நம் பாடப் புத்தகங்கள் 'கோப்பிப் பயிர்ச்செய்கையின் வளர்ச்சி' என்ற தலைப்பிற் கூறும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரியன என அனுமானித்தது. கண்டிக் கிராமத்தவனிடம் உறுதி ஏது? முடிக்குரியதாகிய நிலம் ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்குக் கைமாறியது. வாங்கியோருள் ஆட்சியுத்தியோகத்தர் பலர் இருந்தனர். காடு வெட்டி எரிக்கப்பட்டது. 1869இல் இலைத் துரு நோய் கண்டு கோப்பி சாகத் தொடங்கியபின், ஏற்கனவே மேல்மண் இழந்த அதே சரிவுகளிலே தேயிலை நடப்பட்டது. 1873இற் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காடுகளையேனும் விட்டுவைக்குமாறு எச்சரித்தார். எச்சரிக்கை பதிவேட்டிற் பத்திரமாக இருக்கிறது. ஐயாயிரம் அடிக்குக் கீழே இருந்த காடு பெரும்பாலும் இல்லை.

தேயிலைக்கும் கோப்பிக்கும் பொதுவாக ஒரு வழக்கம் இருந்தது. நிரைகளுக்கிடையே ஒரு புல்லும் நிற்கலாகாது. சுரண்டியால் மண்ணைச் சுரண்டி, நிலத்தைத் துடைத்துவிட்டாற் போல் வைத்திருப்பதே நல்ல துரைக்கு அடையாளம் என்று கருதப்பட்டது. மழைத்துளி வெறுமண்ணில் நேரே மோதும்போது முதலிற் பெயர்வது மண்ணின் மிக நுண்ணிய, மிக வளமான பகுதி. பீலியில் நாம் கண்ட பழுப்பு நிறம் மலையின் கழிவன்று, மலையின் சாரம். ஒரு ஹெக்டேயர் நிலத்தில் ஒரேயொரு மில்லிமீற்றர் மண் கழுவுண்டால் அதன் எடை பன்னிரண்டு தொன்னளவாகும். ஒரு மில்லிமீற்றர் தாழ்ந்ததை எந்தத் துரையின் கண்ணும் காணாது. இவ்வழக்கத்தின் தீமை நெடுங்காலமாக அறியப்பட்டதே. மண்ணரிப்பை ஆராய்ந்த குழுவின் அறிக்கை 1931இலேயே அரசாங்கப் பத்திரமாக வெளிவந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 1951இல், மண் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது.

இங்கே நம்மவரின் பக்கமும் சற்றுத் திரும்ப வேண்டியுள்ளது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தின் கீழ்த் தோட்டங்கள் அரசுடைமையானபோது இடதுசாரிகளாகிய நாம் கைதட்டினோம். அந்நிய கம்பனி போனது சரி. அதன் இடத்தில் அரசுச் சபை வந்தது. லயம் லயமாகவே இருந்தது. பீலி பீலியாகவே இருந்தது. சரிவில் வாழ்பவனுக்கு அச்சரிவின் மீது ஒரு சொல்லும் செல்லவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டோருட் பெரும்பாலோர் அப்பொழுதும் நாடற்றவர்களே. 1992இல் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளின் கைக்குச் சென்றது. உறுதியிற் பெயர் இருமுறை மாறியது. நீரின் நிறம் மாறவில்லை. உடைமையாளனை மாற்றுவது வேறு, உடைமை உறவை மாற்றுவது வேறு என்று வகுப்பிற் கற்பிக்கிறோமே, அதற்கு உதாரணம் தேடி ரஷ்யாவுக்கோ சீனாவுக்கோ போகவேண்டியதில்லை.

தேயிலை தானாக மண்ணைக் கொல்வதில்லை என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். செடி அடர்ந்து நிலத்தை மூடி, சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, அக்கானிற் சேரும் மண்ணைக் காலத்துக்குக் காலம் அள்ளிக் கொடுத்து வந்தால், ஒரு ஹெக்டேயரிலிருந்து ஆண்டுக்கு ஒரு தொன் மண்ணும் போகாது. செடிகள் இறந்து இடைவெளி விழுந்து கான் தூர்ந்த பழைய விதைத் தேயிலை மலையிலிருந்து பல பத்துத் தொன்கள் போகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாடு மழையில் இல்லை. கான் வெட்டும் ஆளுக்குக் கொடுக்கப்படும் சம்பளத்தில் இருக்கிறது. கான் வெட்டுபவன் கொழுந்து தருவதில்லை. அவனுடைய ஒரு நாள் உழைப்பின் பயன் பத்தாண்டு கழித்து மலையிலும், பத்து மைலுக்கு அப்பால் யாரோ ஒருவரின் குடத்திலும் தெரியும். குத்தகைக் காலத்தை எண்ணிக்கொண்டிருக்கும் கம்பனிக்கு அந்தப் பத்தாண்டு தன்னுடையதன்று. அந்தக் குடமும் தன்னுடையதன்று. எனவே செலவைக் குறைக்க வேண்டி வரும்போது முதலில் நிற்பது கொழுந்து பறித்தலன்று, கான் வெட்டுதலே.

'மண்ணை ஆற்றில் இறக்குவது மரக்கறித் தோட்டக்காரன்தான். அவனை விட்டுவிட்டு ஏன் கம்பனியைச் சாடுகிறீர்?' என்று கேட்போர் உளர். கேள்வியிற் பாதி உண்மை உண்டு. நுவரெலியாவிலும் வெலிமடையிலும் செங்குத்தான சரிவுகளிலே, நீர் தேங்காது வடிய வேண்டுமென்பதற்காக மேலிருந்து கீழாகப் பாத்தி கட்டி உருளைக்கிழங்கும் கரட்டும் லீக்சும் பயிரிடுகின்றனர். ஆண்டில் இருமுறையும் மும்முறையும் மண் கிளறப்படுகிறது. அளவுக்கு மிஞ்சிப் பசளை இடப்படுகிறது. அந்தப் பாத்திகளின் நீர் உமா ஓயாவிலும் நானுஓயாவிலும் விழுகிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவன் ஏன் அந்தச் சரிவுக்குப் போனான்? சமனான நிலமும் மென்சரிவும் நூற்றைம்பது ஆண்டுகளாகத் தேயிலையின் பிடியில் இருக்க, எஞ்சிய ஓரங்களும் ஓடைக்கரைகளுமே அவனுக்குக் கிடைத்தன. பலருக்கு அந்நிலத்துக்கும் நிலையான உறுதி இல்லை. அடுத்த போகத்தில் அது தன்னுடையதாக இருக்குமோ என்று அறியாதவன், ஐந்தாண்டு கழித்துப் பயன் தரும் கல்லணையை இன்று கட்டுவானா? கடன்காரனும் பசளைக் கடைக்காரனும் லொறிக்காரனும் அவனிடமிருந்து எடுத்தது போக மிஞ்சுவதில் அவன் படிமுறை வரப்பு அமைக்க வேண்டுமென்று விரிவுரை செய்வது எளிது. அவனுடைய பிழையை நாம் மறைக்கவில்லை; அப்பிழையிலிருந்து இலாபம் எடுப்போரின் பெயர்களும் பட்டியலில் ஏறவேண்டும் என்கிறோம்.

இவ்வளவு மண்ணும் எங்கே போகிறது? மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் ஓடிக் கடலை அடைகிறது. வழியில் அணைகள் நிற்கின்றன. 1976இற் செயற்படத் தொடங்கிய பொல்கொல்லை அணையின் தேக்கம், ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் தன் கொள்ளளவில் நாற்பது வீதத்துக்கும் மேல் மண்ணுக்கு இழந்தது. உமா ஓயாவின் மண்ணை வாங்கும் ரந்தெம்பையின் கதையும் ஏறத்தாழ இதுவே. அப்பொழுதுதான் மண் ஒரு 'தேசியப் பிரச்சினை' ஆயிற்று! நிபுணர்கள் வந்தனர், அளவைகள் நடந்தன, வெளிநாட்டு உதவியோடு நீரேந்து பிரதேசத் திட்டங்கள் வரையப்பட்டன. சுழலியின் தகட்டில் மணல் உரசியபோது எழுந்த ஓசை கொழும்பு வரை கேட்டது. அதே மண் முப்பது மைல் மேலே, குடத்துள் இறங்கியபோது எழுந்த ஓசை தோட்டத் துரையின் பங்களா வரையும் கேட்கவில்லை. மின்சாரம் வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. ஒரே மண்ணுக்கு இரண்டு கணக்குப் புத்தகங்கள் இருப்பதையே சுட்டுகிறோம்.

அணையுள் தேங்கிய நீரின் நலத்தையும் அம்மண் கெடுக்கிறது. துணிக்கையோடு வந்த பொசுபரசு அடியிற் படிந்து கிடந்து, ஒட்சிசன் குறையும்போது மீண்டும் நீரிற் கரைகிறது. அதனை உண்டு பாசி பெருகுகிறது. 1991இற் கொத்மலை நீர்த்தேக்கத்தில் நஞ்சு தரவல்ல நீலப்பச்சைப் பாசி படர்ந்தது நினைவிருக்கலாம். ஓடைகளிலோ வேறு கதை. கூழாங்கற்களின் இடைவெளியை மண்டி அடைத்துவிட, அங்கே முட்டையிடும் மீனும் அங்கே வாழும் புழு பூச்சியும் மூச்சுத் திணறி ஒழிகின்றன. சிறுவர் ஓடையிற் கல்லைப் புரட்டி நண்டு பிடித்த காலத்தைத் தோட்டத்து முதியோர் இன்றும் சொல்வர்.

களனி கங்கையைப் பார்த்தால் விந்தை இன்னும் பெரிது. பொகவந்தலாவையிலும் நோர்வூட்டிலும் விழும் மழை கெஹெல்கமு ஓயாவாகக் காசல்ரீ நீர்த்தேக்கத்தை அடைகிறது. மஸ்கெலியா மழை மவுஸ்ஸாக்கலையை அடைகிறது. பின் இரண்டு ஓயாக்களும் கூடிக் களனியாகி, அம்பத்தலையிற் கொழும்பு மக்களின் குடிநீராகின்றன. ஆகவே லயத்துப் பீலியும் கொழும்புக் கறுவாத்தோட்டத்துக் குழாயும் ஒரே மழையிற் பிறந்த உடன்பிறப்புகள். இடையில் நிற்பது படிக்காரமும் வடிகட்டியும் மாத்திரமே. மேலே இவ்வாறு மண் மிகுந்து வருத்த, கீழே மண் குறைந்து வருத்துகிறது. கட்டட வேலைக்காகக் கீழ்க்களனியின் மணல் வாரப்பட்டதால் ஆற்றின் அடி தாழ்ந்தது. வறட்சிக் காலத்திற் கடலின் உப்பு நீர் அம்பத்தலை நோக்கி ஏறியது. அதனைத் தடுக்க ஆற்றுக்குக் குறுக்கே தடுப்பு இட வேண்டியதாயிற்று. விலையில்லாத மண் ஆற்றுள் இறக்கப்படுகிறது. விலையுள்ள மண் ஆற்றிலிருந்து ஏற்றப்படுகிறது. இரண்டுக்கும் தண்டம் செலுத்துவது நீர் குடிப்பவன்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் மலைகள் பெயர்ந்ததை நாடே பார்த்தது. ஊர்கள் புதையுண்டன, நூற்றுக்கணக்கில் மக்கள் மாண்டனர். 2014 ஒக்ரோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் மூழ்கியதைப் பார்த்த பின்னும் அதே வகையான சரிவுகளின் அடியிலே லயங்கள் இருந்தன என்பதை மட்டும் இங்கு பதிந்து செல்கிறோம். மண்சரிவுக்குத் தனிக்கட்டுரை வேண்டும். நாம் பேசுவது செய்தியாகாத சரிவைப் பற்றி. ஒவ்வொரு மழைக்கும் அரை மில்லிமீற்றர், கால் மில்லிமீற்றர் என்று இறங்கும் மலைக்கு நிவாரணப் பொதியும் இல்லை, அமைச்சரின் வருகையும் இல்லை.

'அம்மக்களுக்குச் சுகாதார அறிவு போதாது' என்பது கனவான்களின் கடைசி அரண். ஓடையிற் துணி துவைக்கிறார்கள், குப்பை கொட்டுகிறார்கள் என்பார்கள். துவைப்பதற்கு வேறு இடம் கொடுத்தவர் யார்? குப்பை வண்டி எந்த லயத்துக்கு வருகிறது? ஊற்றுக்கண்ணின் விளிம்பு வரை தேயிலை நட்டவன் தோட்டத் தொழிலாளியா? ஓடையின் இருமருங்கும் ஒதுக்கு நிலமாக விடப்பட வேண்டும் என்ற ஏற்பாடு 1947ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டத்தின் காலத்திலிருந்தே உண்டு. அவ்வொதுக்கை மீறி நட்ட செடியிற் கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் போய்க் கை கழுவும் முறையைக் கற்பிக்கிறார்கள். கற்பிக்கட்டும், கழுவுவதற்குத் தெளிந்த நீரையும் உடன் கொண்டு போகட்டும்.

எழுத்தாளராகிய நம் பங்கும் ஒன்று உண்டு. தேயிலைச் செடியின் அடியில் இரத்தமும் வியர்வையும் கண்ணீரும் கலந்திருப்பதாக எத்தனை கவிதைகள், எத்தனை கதைகள் எழுதிவிட்டோம்! மூன்றும் நீர்ப்பொருள்கள்தாம். நான்காவதாகிய குடிநீர் மாத்திரம் நம் பேனாவுக்கு எட்டவில்லை. கண்ணீருக்கு உருகுவது எளிது. அதற்கு அளவுகோல் வேண்டியதில்லை. பீலித் தண்ணீரின் கலங்கலைப் பற்றி எழுதுவதாயிற் கான் எத்தனை யார் நீளம் தூர்ந்து கிடக்கிறது, ஊற்றுக்கண் எந்த நம்பர் மலையில் இருக்கிறது, தொட்டி கடைசியாக எந்த மாதத்திற் கழுவப்பட்டது என்று கேட்டறிய வேண்டும். இத்தகைய விவரங்கள் இலக்கியத்துக்கு உரியனவல்ல என்று சொல்பவரோடு நமக்குப் பழைய வழக்கொன்று உண்டு; அதை இங்கு தொடர இடமில்லை.

கோரிக்கைகள் நுட்பமானவையல்ல. குடிநீர் எடுக்கும் ஒவ்வோர் ஊற்றுக்கண்ணுக்கும் மேலே உள்ள சரிவு தேயிலையிலிருந்தும் மரக்கறியிலிருந்தும் விடுவிக்கப்பட்டு மரம் வளர்க்கப்பட வேண்டும். கான் வெட்டுதலும் கான் மண் அள்ளுதலும் கொழுந்தைப் போன்றே நாட்சம்பளத்துக்குரிய நிலையான வேலையாகக் கூட்டு ஒப்பந்தங்களில் இடம்பெற வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளத் தொகையைப் பேசும் மேசையிலே இதையும் வைக்க வேண்டும். ஒவ்வொரு தோட்டத்து நீர்த்தொட்டிக்கும் முன்னால் மணல் வடிகட்டி அமைக்கும் செலவு கம்பனியினுடையது. வீட்டுக்கு இவ்வளவு நிலம் என்று அளந்து கொடுப்பவர்கள், அந்த வீட்டுக்கு வரும் நீரின் ஊற்றையும் அளந்து அம்மக்களின் பொறுப்பிலே விட வேண்டும். சரிவில் உழும் சிறு விவசாயிக்கு நீண்டகால உறுதியும், வரப்புக் கட்டுவதற்கான கூலியும் பொதுப் பணத்திலிருந்து கொடுக்கப்பட வேண்டும். அந்த வரப்பின் பயனைச் சுழலியும் கொழும்புக் குழாயும் அனுபவிக்கின்றன, ஆகையால் இது தருமமாகாது.

இக்கோரிக்கைகளோடு அலுவலகங்களுக்குப் போனால் 'சான்று எங்கே?' என்பார்கள். அந்தச் சான்றை ஆசிரியரும் மாணாக்கரும் தம் கையாலேயே திரட்டலாம். விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரே அளவான தெளிந்த கண்ணாடிப் போத்தல்கள் சில போதும். கனமழை நின்ற அரைமணிக்குள் மூன்று இடங்களில் நீர் எடுக்க: ஊற்றுக்கண்ணில் ஒன்று, தேயிலை மலையையோ மரக்கறிப் பாத்தியையோ ஓடை கடந்தபின் ஒன்று, பீலியில் ஒன்று. வகுப்பறை யன்னலில் வரிசையாக வைத்து, எது எத்தனை மணி நேரத்தில் தெளிகிறது, அடியில் எத்தனை மில்லிமீற்றர் மண் படிகிறது என்று குறித்து வருக. ஒரு கண்ணாடிக் குழாயின் அடியிற் கறுப்புச் சிலுவைக் குறி ஒன்றை ஒட்டி, மேலிருந்து பார்க்கையில் அக்குறி மறையும் வரை நீரை ஊற்றி, நீரின் உயரத்தை அளந்தாற் கலங்கலுக்கு ஓர் அண்ணளவான எண்ணும் கிடைத்துவிடும். தென்மேற்குப் பருவத்திலும் வடகீழ்ப் பருவத்திலும் விடாது செய்து, ஒரு கொப்பியிற் பதிந்து, அதன் பிரதியைப் பிரதேச சபைக்கும் தொழிற்சங்கக் காரியாலயத்துக்கும் கொடுக்க. போத்தலின் மேல் இடம், நாள், நேரம், மழை நின்ற நேரம் நான்கையும் எழுதி ஒட்ட மறக்க வேண்டாம்; எழுதாத போத்தலை விசாரணையில் எவரும் ஏற்கமாட்டார். ஆரம்பத்தில் எம்மிடம் கேள்வி கேட்ட நண்பருக்கும் இரண்டு போத்தல்கள் கொடுத்திருக்கிறோம்.